ரூபி டீச்சரின் நாலாவது பீரியட்

பள்ளி திறந்து இரண்டாவது வாரம். முதல் பீரியட் மணி அடித்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இயற்பியல் லேபுக்குள் வந்துகொண்டிருந்தபோது என் போன் ஒலித்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஞானராஜ் அண்ணன்.

"சார், இன்னைக்குச் சாயந்தரம் நீங்க வர வேண்டாம்."

"ஏன்ண்ணே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"இல்ல சார். ரூபி காலையில அஞ்சரைக்குப் போயிட்டா."

நான் "சரிண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டேன். மனைவி இறந்ததைச் சொல்ல அழைத்தவரிடம் "சரி" என்று சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

பத்து நிமிடத்துக்குள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு முழுவதும் கூப்பிய கைகள். எங்கள் தலைமையாசிரியர் டீச்சரின் படத்தைப் போட்டு, கீழே "ஜெப வீராங்கனை" என்று எழுதியிருந்தார். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அந்த வார்த்தைதான். அது டீச்சருக்குச் சற்றும் பொருந்தாது. அவருக்கு அது பிடிக்கவும் பிடிக்காது. யாரோ ஒருமுறை அப்படி அழைத்தபோது, "வீராங்கனைன்னா ஜெயிக்கணுமே. நான் பாதி நாள் உக்காந்துட்டு எழுந்து வர்றவ" என்றார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ரூபி டீச்சர் திருச்சியில் எங்கள் பள்ளியின் கணித ஆசிரியை. குள்ளமான உருவம், வேகமான நடை. கரும்பலகையில் கையாலேயே வட்டம் போடுவார். காம்பஸ் வைத்துச் சரிபார்த்த பிள்ளைகள் தோற்றுப்போவார்கள். வீடு ஸ்ரீரங்கத்தில், ஒரு மாடிப் போர்ஷன். கணவர் ஞானராஜ் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். அவர்களுக்கு இரண்டு பெண்கள். படுக்கையில் விழுந்த மாமியாரைப் பதினோரு வருடம் டீச்சர் பார்த்துக்கொண்டார். பத்தொன்பது வருடம் நான் அவருடன் வேலை பார்த்தேன். நண்பர்களாக இருந்தோம் என்று சொன்னால் பொய்.

என் முதல் அறிமுகமே ஒரு புகாரில்தான் தொடங்கியது. ஓர் ஆசிரியர் விடுப்பு எடுத்தால் அவருடைய வகுப்புக்கு வேறொருவரை அனுப்பச் சொல்லி சப்ஸ்டிட்யூஷன் நோட்டு வரும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் பருவத்திலேயே நான் ஒன்றைக் கவனித்தேன். நாலாவது பீரியடில் எல்லார் பெயரும் வருகிறது, ரூபி டீச்சர் பெயர் மட்டும் வருவதில்லை. எனக்கு அநியாயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும் சுபாவம். ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட்டேன்.

"ரூபி டீச்சருக்கு மட்டும் நாலாவது பீரியட்ல என்ன சலுகை?"

அப்போதிருந்த தலைமையாசிரியர் பதில் சொல்வதற்குள் டீச்சரே எழுந்தார்.

"சலுகைதான் சார். சும்மா வேண்டாம். எட்டாவது பீரியட் சப்ஸ்டிட்யூஷன் பூராவும் எனக்கே போட்டுருங்க. நாலாவதை மட்டும் விட்டுருங்க."

எட்டாவது பீரியட் என்றால் பிள்ளைகள் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸை நினைத்துக்கொண்டிருக்கும் நேரம். அந்த வகுப்பை யாரும் விரும்பி வாங்கமாட்டார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்து உட்கார்ந்தேன். டீச்சர் ஓய்வு பெறும்வரை அந்த ஒப்பந்தத்தை மீறவில்லை. அந்த நாலாவது பீரியடில் அவர் என்ன செய்கிறார் என்பது சில மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் லேபுக்கு வந்து நின்றார்.

"சார், உங்க இருட்டறையில பிராக்டிகல் இல்லாத நேரத்துல நான் இருபது நிமிஷம் உக்காந்துக்கலாமா?"

"தலைவலியா டீச்சர்?"

"இல்ல. ஜெபம். இத்தனை நாள் லைப்ரரி மூலையில உக்காந்தேன். கண்ண மூடினா லைப்ரேரியன் வந்து, டீச்சர் உடம்பு சரியில்லையான்னு கேக்குறார். நீங்க கேட்ட மாதிரியே."

"வீட்ல பண்ணலாமே?"

"வீட்ல மாமியார் இருக்காங்க, அவர் இருக்கார், ரெண்டு பொண்ணு இருக்கு, டிவி இருக்கு. கர்த்தர் வந்தா அவருக்கு ஸ்டூல் போட எடமில்ல சார்."

மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஒளியியல் சோதனைகளுக்காக லேபின் கோடியில் ஒரு சின்ன அறை உண்டு. சுவரில் கறுப்பு வண்ணம், ஜன்னலில் கறுப்புத் திரை, ஒரு மேசை, சோடியம் விளக்கு, நாலைந்து நிறமாலைமானிகள், இரண்டு மர ஸ்டூல். சாவி என் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். டீச்சர் வந்து எடுப்பார், உள்ளே போவார், இருபது நிமிடத்தில் வெளியே வந்து சாவியை மாட்டிவிட்டுப் போவார். வெளியே வரும்போது முகத்தில் ஒளி எதுவும் இருக்காது. ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார்.

நானும் கிறிஸ்தவன்தான். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கத்தில் உள்ள தகவல் பிழைகளை எண்ணும் வகை. ஆகையால் டீச்சரைச் சீண்டாமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் உள்ளிருந்து தெளிவாகக் குறட்டைச் சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்ததும், "டீச்சர், இன்னைக்கு ஜெபம் நல்ல சத்தமா இருந்துச்சு" என்றேன்.

"கேட்டுருச்சா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ராத்திரி மாமியார் தூங்க விடல. போகட்டும் சார். வேற எங்கயோ போய்த் தூங்கலையே, அவர் முன்னாலதான தூங்கினேன்."

இன்னொரு நாள் நேராகவே கேட்டேன். "உள்ள என்னதான் பண்றீங்க?"

"முதல் பத்து நிமிஷம் சண்டை."

"யாரோட?"

"மாமியாரோட, வீட்டுக்காரரோட, ஹெச்செம்மோட. போன வாரம் உங்களோட. எல்லாரையும் திட்டித் தீத்தாத்தான் வாய மூடத் தோணும். அப்புறம் பத்து நிமிஷம் சும்மா இருப்பேன்."

"என்னை எதுக்குத் திட்டுனீங்க?"

"அது எனக்கும் கர்த்தருக்கும் உள்ள விஷயம். உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"சும்மா இருக்கும்போது ஏதாவது பதில் வருமா?"

யோசித்துச் சொன்னார். "பெரும்பாலும் ஒண்ணும் வராது சார். ஆறாங்கிளாஸ் பிள்ளைங்க வாய்ப்பாடு கத்துறதைப் பாத்திருக்கீங்கல்ல? தெனமும் கத்தும். ஒண்ணும் ஏறல, ஏறலன்னு நமக்குத் தோணும். திடீர்னு ஒரு நாள் கணக்குப் போடும்போது பாத்தா, ஏறியிருக்கும். என்னைக்கு ஏறுச்சுன்னு அதுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது."

தலைமையாசிரியர் ஓய்வு பெற்றபோது அந்த இடம் எனக்குத்தான் வரவேண்டும். பணிமூப்பும் படிப்பும் எனக்கே இருந்தன. நிர்வாகத்தின் நேர்காணலுக்கு முதல் நாள் சாவி எடுக்க வந்த டீச்சரிடம், "உள்ள போறப்ப எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன். விளையாட்டாகச் சொன்ன மாதிரி சொன்னேன். விளையாட்டு இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க பேரைச் சொல்றேன் சார். அந்தப் பதவியைக் கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"அந்த நாற்காலி கிடைச்சா நீங்க இன்னும் கசந்துபோவீங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு."

அந்த நாற்காலி எனக்குக் கிடைக்கவில்லை. நிர்வாகக் குழுவில் ஒருவருக்கு வேண்டியவர், என்னைவிட ஆறு வருடம் இளையவர், அதில் உட்கார்ந்தார். இன்றுவரை அதை நான் மறக்கவில்லை, மறக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் நிர்வாகத்தை நான் ஒன்றும் செய்ய முடியாது. கைக்கு எட்டியவர் ரூபி டீச்சர்தான். மறு வாரமே இருட்டறைக்குப் புதிய பூட்டு வாங்கிப் போட்டேன். விலை உயர்ந்த கருவிகள் உள்ள அறை, லேப் பொறுப்பாளர் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று பதிவேட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

"சரி சார்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் நாலாவது பீரியடில் பழக்கத்தில் வந்துவிட்டார். ஆணியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், திரும்பிப் போனார். நான் ஏதோ எழுதுவதுபோல் தலை குனிந்திருந்தேன்.

அதன்பின் அவர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. தானாகத்தான் தெரிய வந்தது. ஒருநாள் காலை சத்திரம் பஸ் நிலையத்தில், கிளம்பாமல் நின்றிருந்த லால்குடி பஸ்ஸில் டீச்சர் ஜன்னலோரம் கண்மூடி உட்கார்ந்திருந்தார். அந்த பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. நான் வெளியிலிருந்து கம்பியைத் தட்டி, "லால்குடிக்கா டீச்சர்? ஸ்கூல் இல்லையா?" என்றேன்.

திடுக்கிட்டு விழித்தார். "இல்ல சார். இந்த வண்டி எட்டு மணிக்கு மேலதான் எடுப்பாங்க. அதுவரைக்கும் யாரும் ஏற மாட்டாங்க. ஸ்ரீரங்கத்துல இருந்து அரை மணி முன்னாடி கிளம்பி வந்து உக்காந்துக்குவேன்."

அதற்குள் கண்டக்டர் ஏறினார். "என்னம்மா, ஆமென் சொல்லியாச்சா? வண்டி எடுக்கணும்."

"சொல்லியாச்சு தம்பி" என்று சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். என்னிடம் வேறெதுவும் பேசவில்லை. ஒரு சொல் குத்திக் காட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வருடக் கடைசியில், கண்டக்டர் மாறியிருந்த ஒரு நாளில், டீச்சர் அந்த பஸ்ஸிலேயே அயர்ந்து தூங்கிவிட்டார். எழுப்ப ஆளில்லை. விழித்தபோது லால்குடி. பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருந்தது. அரை நாள் விடுப்பு எழுதப்பட்டுவிட்டது. அவருடைய முதல் பீரியடுக்கு சப்ஸ்டிட்யூஷன் நோட்டு என்னிடம்தான் வந்தது. ஆசிரியர் அறையில் எல்லாரும் கேலி செய்தார்கள். "டீச்சர், பரலோகத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு லால்குடியில இறங்கிட்டீங்களே!" அவரும் சேர்ந்து சிரித்தார். நான் போட்ட பூட்டினால்தான் அவர் லால்குடி வரை போய் வந்தார் என்பது அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அன்றே பூட்டைக் கழற்றியிருக்கலாம். கழற்றினால் தவறு செய்தேன் என்று ஆகிவிடும். கழற்றவில்லை.

ஓய்வு பெற்ற நாளில் சால்வையும் மாலையுமாக லேபுக்கு வந்தார். "போயிட்டு வரேன் சார்." சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. "நல்லா இருங்க டீச்சர்" என்றேன்.

கடந்த டிசம்பரில் அவருக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டேன். போகவில்லை. ஏப்ரல் கடைசியில் சத்திரத்தில் ஒரு மருந்துக் கடையில் ஞானராஜ் அண்ணனைப் பார்த்தேன். "சார், ரூபி உங்களைக் கேட்டா. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார். மறுநாள் ஸ்ரீரங்கம் போனேன்.

மாடிக்கு ஏறும்போதே பாட்டுச் சத்தம். கூடத்தில் கட்டில் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் சபையின் ஜெபக்குழுப் பெண்கள் எட்டுப் பேர், ஒரு கஞ்சிரா. ஒருவர் முடித்தால் அடுத்தவர் உரக்க ஜெபித்தார். அவர்கள் கிளம்பியதும் அடுத்த குழு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. டீச்சர் இளைத்து, பாதியாக இருந்தார். என்னைக் கையால் அருகே கூப்பிட்டார்.

"பாவம் சார், அன்பாத்தான் வர்றாங்க. காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் எனக்காகப் பேசுறாங்க. என்னைத்தான் பேச விட மாட்டேங்குறாங்க."

"நான் என்ன பண்ணணும்?"

"தெனமும் ஒரு இருபது நிமிஷம் மாடிப்படியில உக்காருங்க. யாரையும் உள்ள விடாதீங்க."

"அண்ணன் இருக்காரே."

"அவரா? வாசல்ல நிறுத்தி வச்சா எல்லாருக்கும் காபி போட்டுக் குடுப்பார். பொண்ணுங்க லீவு போட்டு வந்தா அதுங்களும் வாங்க வாங்கன்னுதான் சொல்லும். உங்க மூஞ்சியைப் பாத்தா ஒருத்தரும் படியேற மாட்டாங்க." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, "கதவ அடைக்கிறதுல உங்களுக்கு அனுபவம் வேற இருக்கு" என்றார்.

அண்ணன் பதறிப்போய், "ரூபி!" என்றார். டீச்சர் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கோடை விடுமுறை முழுவதும் தினமும் பதினோரு மணிக்குப் போனேன். மாடிப்படியின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அண்ணனும் கீழே இறங்கிப் போய்விடுவார். முதல் நாளே போதகர் வந்தார்.

"டீச்சருக்கு ஜெபம் பண்ணணும்."

"அவங்களே பண்ணிட்டிருக்காங்க. இருபது நிமிஷம் இருங்க."

"பிரதர், நான் பாஸ்டர்."

"தெரியும்."

இரண்டு படி கீழே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில் எனக்கு மிகவும் திருப்தியளித்த இருபது நிமிடம் அது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அவரும் நல்லவர்தான். அடுத்த முறை பதினொன்றரைக்கு வந்தார்.

கீழ் வீட்டில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்கார மாமி, துளசி பறிக்க வரும்போதெல்லாம் என்னை அண்ணாந்து பார்ப்பார். ஒருநாள் கேட்டே விட்டார்.

"நித்யம் வந்து வாசல்ல உக்காந்துண்டு என்ன பண்றேள்?"

"டீச்சர் தனியா ஜெபம் பண்றாங்க. யாரும் போயிடாம பாத்துக்குறேன்."

"ஓ, துவாரபாலகரா! அதான் அந்த மொகம்!" என்று சொல்லிவிட்டு, அவரும் அதன்பின் பதினோரு மணிக்கு மிக்ஸி போடுவதை நிறுத்திக்கொண்டார்.

நாற்காலியில் எனக்கும் வேலை எதுவும் இல்லை. போனை அணைத்து வைத்திருப்பேன். அப்போது என் பகைகள் ஒவ்வொன்றாக வரும். நிர்வாகக் குழு, இளைய தலைமையாசிரியர், பாகப்பிரிவினையில் ஏமாற்றிய தம்பி. எல்லாரையும் மனதுக்குள் திட்டுவேன். பதினான்கு, பதினைந்தாவது நிமிடத்தில் ஆள் தீர்ந்துவிடும். பிறகு கொஞ்ச நேரம், திட்ட யாரும் இல்லாமல், கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. நான் டீச்சரிடம் கேட்கவும் இல்லை.

பள்ளி திறந்த பிறகு நேரத்தை மாலை ஐந்துக்கு மாற்றிக்கொண்டோம். சென்ற வாரம் ஒருநாள், நேரம் முடிந்து உள்ளே போனபோது அவர் விழித்திருந்தார். சொல்லிவிட்டேன்.

"டீச்சர், அந்த இருட்டறைப் பூட்டு. அது கருவிக்காகப் போட்டதில்ல."

"லால்குடி வரைக்கும் போயிட்டு வந்தவளுக்கு அது தெரியாதா சார்?"

"தப்புதான். மன்னிச்சிட்டீங்களா?"

"எத்தனையோ தடவை" என்றார். குரல் மிகவும் மெலிந்திருந்தது. "இன்னைக்கு மன்னிப்பேன். நாளைக்கு உங்க லேபைத் தாண்டிப் போறப்ப திரும்பக் கோபம் வந்துரும். திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்குத்தான சார் தெனமும் போறது. ஒரு தடவையோட முடியுற காரியமா இருந்தா, ஒரு நாள் போனாப் போதாதா?"

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப அந்தக் கோபம் இல்ல. போன மாசமே தீந்துருச்சு" என்றார். பிறகு தூங்கிவிட்டார்.

அடக்க ஆராதனை நீளமாக நடந்தது. மைக் வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் "ஜெப வீராங்கனை" என்று நாலு முறை சொன்னார். பெண்கள் இருவரும் அழுதார்கள். ஞானராஜ் அண்ணன் அழாமல் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு, பாட்டுப் பாடி, கூட்டம் கலைய மணி நாலரை ஆகிவிட்டது.

"வாங்க சார், வண்டி நிக்குது" என்றார் அண்ணன்.

"நீங்க போங்கண்ணே. நான் கொஞ்சம் இருந்துட்டு வரேன்."

அவர் என்னையும் தோட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துகொண்டார். என் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனார். நான் இரும்புக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒரு பெண் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும், கையில் ரோஜா மாலை. "ரூபி டீச்சர் ஸ்டூடண்ட் சார். பஸ் லேட்டாயிடுச்சு. எல்லாரும் போயிட்டாங்களா? உள்ள போகலாமா?"

"இருபது நிமிஷம் இருங்கம்மா."

"ஏன் சார், உள்ள யாராவது இருக்காங்களா?"

"டீச்சர் இருக்காங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மாலையை மடியில் வைத்துக்கொண்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள். நான் கதவுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து நின்றேன்.

அமைதியாக இருங்கள், டீச்சர். இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கிறது.